பெண்டிங்கும் பென்ஷனும் ஒரே பக்கத்தில்

கையடக்க ஆங்கில அகராதி ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து, 'பெண்டிங்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அங்கிருந்து விரலைக் கீழே இறக்கினால் கொஞ்ச தூரத்திலேயே 'பென்ஷன்' வந்துவிடும். அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற எவரும் இந்த இரண்டு பேரும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பதைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து முதல் தொகை வங்கிக் கணக்கில் ஏறும் நாள் வரை இரண்டு சொற்களும் சேர்ந்தேதான் நம் வாயில் வந்துகொண்டிருந்தன.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் முருகனும் முருகேசனும் அடுத்தடுத்து வருவார்கள். பெயர் அப்படி அமைந்ததால் வருகிறார்களே தவிர, சொந்தக்காரர்கள் என்று அர்த்தமில்லை. அதே பதிவேட்டில் எப்போதாவது உண்மையான அண்ணன் தம்பிகளும் அடுத்தடுத்து வந்துவிடுவது உண்டு. அகராதியும் இப்படித்தான். எந்த அண்டை வீட்டார் சொந்தம், எவர் வெறும் அண்டை வீட்டார் என்று பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

பெண்டிங்கும் பென்ஷனும் சொந்தம். லத்தீன் மொழியில் 'தொங்குதல்' என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் உண்டு. அதற்கு உடன்பிறந்த இன்னொரு வினைக்கு 'தொங்கவிட்டு எடை போடுதல்' என்று பொருள். ரோமாபுரியில் நாணயம் புழக்கத்துக்கு வருமுன் வெண்கலக் கட்டிகளைத் தராசில் நிறுத்துத்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. எனவே எடை போட்டுக் கொடுப்பது என்றாலே பணம் கொடுப்பது என்று ஆகிவிட்டது. அந்த வழியில் வந்தது பென்ஷன். முடிவு தெரியாமல் அந்தரத்தில் தொங்கும் கோப்பு பெண்டிங். நாமும் நம் அலுவலகத் தமிழில் 'கோப்பு நிலுவையில் உள்ளது' என்கிறோம், 'ஓய்வூதிய நிலுவை' என்றும் சொல்கிறோம். இங்கேயும் இரண்டும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன, பாருங்கள்.

பென்ஷன் என்றதும் சாமுவேல் ஜான்சன் நினைவுக்கு வருகிறார். 1755-இல் அவர் வெளியிட்ட பெரிய ஆங்கில அகராதியில் பென்ஷனுக்கு எழுதிய விளக்கம் கடுமையானது. நாட்டுக்குத் துரோகம் செய்வதற்காக அரசாங்கக் கூலிக்காரனுக்குக் கொடுக்கும் பணம் என்ற பொருள்பட எழுதிவைத்தார். ஏழே ஆண்டுகள் கழித்து, 1762-இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரசாங்கம் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுண்டு பென்ஷன் கொடுக்க முன்வந்தது. மனிதர் வாங்கிக்கொண்டார். ஊர் சிரித்தது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வறுமையில் அடிபட்டவர், ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் உழைத்து அகராதி எழுதியவர். அந்த 300 பவுண்டும் அவர் உழைப்புக்கு எடை போட்டுக் கொடுத்த கூலிதான்.

இதையே நம் உச்ச நீதிமன்றமும் 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் சொல்லிவிட்டது. பென்ஷன் அரசாங்கம் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, ஊழியர் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குச் சேர வேண்டிய தொகை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிற நம்மில் எத்தனை பேருக்கு, அந்தப் பொருள் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பது தெரியும்?

இதையெல்லாம் ஏன் இழுக்கிறேன் என்றால், ஆங்கிலச் சொற்களை இன்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முறை எனக்குச் சம்மதமாக இல்லை. ஒரு சொல், அதற்கு ஒரு தமிழ்ப் பொருள், அடுத்த சொல், அதற்கு ஒரு பொருள் என்று மாத்திரை மாதிரி எண்ணிக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இப்படி என்றால், வீட்டில் கைப்பேசி. கேட்ட சொல்லை மட்டும் கொண்டுவந்து காட்டுகிறது. அகராதியின் பக்கத்தையே யாரும் பார்ப்பதில்லை. இதில் நஷ்டம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்தால், அது தவறு. நம் வயதுக்காரர்களுக்கும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பி-ஈ-என் பக்கத்தை முடித்துவிடுவோம். சட்டைப் பையில் பேனாவும் பென்சிலும் ஒன்றாகக் குத்தியிருப்போம். அகராதியிலும் 'பென்', 'பென்சில்' பக்கத்துப் பக்கத்தில்தான். யாரைக் கேட்டாலும் இரண்டும் ஒரே குடும்பம் என்பார்கள். கிடையாது! பென் என்றால் லத்தீனில் இறகு. பறவையின் இறகைச் சீவி மையில் தொட்டு எழுதியதால் வந்த பெயர். அந்த இறகைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திதான் 'பென்நைஃப்'. பென்சிலோ 'சின்ன வால்' என்ற பொருளில் வந்தது. முதலில் ஓவியர் கையில் இருந்த மெல்லிய தூரிகைக்கு அந்தப் பெயர். பிற்பாடு கரிக்கோலுக்கு வந்தது. சரி, பென்சிலுக்கு உண்மையான சொந்தம் யார்? அதே பகுதியில் சற்றுக் கீழே இருக்கிற பென்சிலின்! 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் நுனி தூரிகை மாதிரி விரிந்திருக்கும். அதனால் அந்தப் பூஞ்சைக்குப் 'பெனிசிலியம்' என்று பெயர். முன்பெல்லாம் பென்சிலின் ஊசி போடுமுன் கையில் துளி மருந்தை ஏற்றித் தடிக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மருந்துக்கும் குழந்தை கையிலிருக்கும் பென்சிலுக்கும் ஒரே பாட்டன்.

இன்னும் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். 'பெனின்சுலா', தீபகற்பம். 'பெனல்டிமேட்', கடைசிக்கு முந்தையது. இவற்றில் வரும் 'பென்' இறகும் இல்லை, வாலும் இல்லை. 'ஏறக்குறைய' என்று பொருள். ஏறக்குறையத் தீவு, ஏறக்குறையக் கடைசி. இந்த ஒரு சங்கதி தெரிந்த பையன் இரண்டு சொல்லையும் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டான். மனப்பாடம் செய்த பையன் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுவான்.

அகர வரிசை என்பதே ஒரு காலத்தில் புதுமைதான். நம் பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்படி அடுக்கின. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கள் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம் என்று தனித்தனித் தொகுதிகள். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் அப்படித்தான். செய்யுளாக இருந்ததால் திண்ணைப் பள்ளியில் நெட்டுருப் போட்டார்கள். ரேவண சித்தர் 1594-இல் அகர வரிசையில் ஒரு நிகண்டு செய்து அதற்கு அகராதி நிகண்டு என்று பெயரிட்டார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் 1604-இல் சுமார் 2,500 சொற்களோடு ஆங்கிலத்தின் முதல் ஆங்கில-ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில், இந்த நூலைப் பயன்படுத்த விரும்புகிறவர் எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், ஏ-யில் தொடங்கும் சொல்லை முன்பக்கத்தில் தேட வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறார். அவ்வளவு புதிய விஷயம் அது அவர்களுக்கு.

இதில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் வேர் முன்னால் நிற்கும், ஒட்டுவதெல்லாம் பின்னால் ஒட்டும். அதனால் அகர வரிசையில் அடுக்கினாலும் குடும்பம் பெரும்பாலும் ஒரே தெருவில் இருக்கும். நடத்தை, நடப்பு, நடமாட்டம், நடவடிக்கை, நடை எல்லாம் அடுத்தடுத்த வீடுகள். (நடுவில் நடிகரும் குடியிருப்பார். நடிகருக்கும் நடத்தைக்கும் சொந்தம் கிடையாது. நான் சொல்வது சொல்லைப் பற்றி மட்டும்!) ஆங்கிலம் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வாங்கிய சொற்களில் ஒட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒரு தாய் பிள்ளைகள் ஊர் ஊராகச் சிதறிப்போகிறார்கள். 'தொங்குதல்' குடும்பத்தையே பாருங்கள். பென்ஷன் பி-யில் இருக்கிறது. 'சஸ்பென்ஷன்' எஸ்-இல் தொங்குகிறது. குடும்ப ஓய்வூதியப் படிவத்தில் நாம் நிரப்பும் 'டிபெண்டன்ட்' டி-யில். அதற்கும் ஒருவரைப் பிடித்துத் தொங்குகிறவர் என்றே பொருள். 'அப்பெண்டிக்ஸ்' ஏ-யில். இவர்களையெல்லாம் அகர வரிசை ஒன்று சேர்க்காது. அது ஒன்று சேர்ப்பது, ஒரே முன்னொட்டு மாட்டிக்கொண்டவர்களை. ஒரே சீருடை போட்டவர்கள் ஒரே குடியிருப்பில் இருப்பது மாதிரி.

அந்தச் சீருடைக் குடியிருப்புகளில் நம் வயதுக்காரர்கள் அவசியம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியது ஹெச்-ஒய்-பி பக்கம்.

என்னோடு காலையில் நடக்க வருபவர் ஒரு தமிழாசிரியர். என்னைவிட மூத்தவர். ஒரு சமயம் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் சோர்ந்து கிடந்தார்.

"என்னங்க ஐயா, ஆளையே காணோம்?"

"தலை சுத்துது தம்பி. பிரஷர்னு எழுதிட்டாங்க. வீட்டுல உப்பை அறவே நிறுத்தியாச்சு. ஆனாலும் காலையில எழுந்திருக்கறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

மருத்துவர் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். தெளிவாகவே அச்சடித்திருந்தது, 'போஸ்சுரல் ஹைப்போடென்ஷன்' என்று.

"ஐயா, இது ஹைப்போ. உங்களுக்குப் பிரஷர் ஏறல. எழுந்து நிக்கிறப்ப இறங்குது."

"பேரன் போன்ல போட்டுப் பாத்தானே? ரத்தக் கொதிப்புன்னுதானே வந்துச்சு?"

பேரன் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் கைப்பேசி, பலரும் தேடும் 'ஹைப்பர்டென்ஷன்' என்ற சொல்லைத் தானாகவே எடுத்து நீட்டியிருக்கிறது. பையன் அதைத் தொட்டுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து இவர்தான் நீங்கள் தேடியவர் என்று காட்டியது போல. அன்றைக்கே மருத்துவரிடம் போனோம். அவர் உப்பை நிறுத்தச் சொல்லவே இல்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும், தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்குவதைத்தான் மருத்துவர்கள் இப்படிச் சொல்கிறார்களாம். நம் வயதில் பலருக்கும் வருவது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்தான் ஆபத்து.

ஹைப்பர் என்றால் கிரேக்கத்தில் மேலே. ஹைப்போ என்றால் கீழே. இதைப் பள்ளியிலேயே ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். 'ஹைப்போ' என்றால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விட்டது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். 'ஹைப்பர்' என்றால் சர்க்கரை ஏறியிருக்கிறது. அவசரத்தில் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தைராய்டும் அப்படியே. ஹைப்போவுக்குத் தைராக்ஸின் கொடுத்துக் குறையை நிரப்புகிறார்கள், ஹைப்பருக்குச் சுரப்பைக் குறைக்க வேறு மாத்திரை. எதிரெதிர் மருந்துகள். "எனக்குத் தைராய்டு" என்று மட்டும் சொல்கிறவர்கள் தயவுசெய்து எந்தத் தைராய்டு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்தும் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வேடிக்கையான ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். 'ஹைப்பர்போலி', மேலே எறிவது. நம் உயர்வு நவிற்சி அணி. அதற்குக் கீழே 'ஹைஃபன்', இரண்டு சொற்களுக்கு நடுவே போடும் சின்னக் கோடு. 'ஒன்றின் கீழ்' என்று பொருள். அந்தக் காலக் கிரேக்கர்கள் அதை நடுவில் போடாமல் இரண்டு சொற்களுக்கும் அடியில் வளைத்துப் போட்டு இணைத்தார்கள். பிறகு 'ஹிப்னாசிஸ்'. இது சீருடை போடாதவர், முன்னே சொன்ன முருகேசன் வகை. ஹிப்னோஸ் என்பது கிரேக்கர்களின் தூக்கக் கடவுள். மேலும் இல்லை, கீழும் இல்லை. இடத்தில் மட்டும்தான் அண்டை வீட்டுக்காரர்.

'ஹிப்போகிரிட்' என்றால் வேஷதாரி என்று நமக்குத் தெரியும். கிரேக்கத்தில் அதற்கு நாடக நடிகர் என்று பொருள். நாமும் "என்னமா நடிக்கிறான் பார்!" என்றுதானே சொல்கிறோம்? இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 'ஹைப்பாட்டனியூஸ்', நாம் கணக்கில் படித்த கர்ணம். செங்கோணத்துக்குக் கீழே இழுத்துக் கட்டிய கோடு. 'ஹைப்போகாண்ட்ரியா' என்பது இல்லாத நோயை இருப்பதாக நினைத்துக்கொண்டு பயப்படுவது. சொல்லுக்கு நேர்ப்பொருள், விலா எலும்புக் குருத்துக்குக் கீழே. மனச்சோர்வு அங்கேயிருந்துதான் கிளம்புகிறது என்று பழைய வைத்தியர்கள் நம்பினார்கள்.

பழைய ஸ்டுடியோக்களில் இருட்டறைக்குள் போயிருப்பவர்களுக்கு 'ஹைப்போ' என்றாலே வேறு நினைவு வரும். படத்தை நிலைப்படுத்தக் கழுவும் உப்புக் கரைசல். வெள்ளி உப்புகளை அது கரைக்கிறது என்று ஜான் ஹெர்ஷெல் 1819-இல் கண்டார். அப்போது அதற்கு 'ஹைப்போசல்ஃபைட்' என்று பெயர். பிற்பாடு வேதியியலார் அதன் பெயரை மாற்றிவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர்கள் மாற்றவில்லை.

அந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்தவர் 'ஹைப்போதிகேஷன்'. கடன் வாங்கி வண்டி வாங்கியவர் எல்லோருடைய ஆர்.சி. புத்தகத்திலும் இது இருக்கும். 'கீழே வைத்தல்' என்று பொருள். இதற்கு உடன்பிறந்தவர் 'ஹைப்பாதிசிஸ்', கருதுகோள். ஆராய்ச்சிக்கு அடியில் வைக்கும் அடித்தளம். விஞ்ஞானியும் வங்கி மேலாளரும் ஒரே சொல்லை வைத்துப் பிழைக்கிறார்கள்! வங்கியில் இதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. நகையை அடகு வைத்தால் நகை அவர்களிடம் போய்விடும். ஹைப்போதிகேஷனில் வண்டி நம்மிடமே இருக்கும், உரிமைப் பிடி மட்டும் அவர்கள் கையில். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் தீர்ந்தது என்று வந்துவிடுகிறோம். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கிப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தச் சொல்லை எடுக்கும் வரை வண்டியை விற்க முடியாது.

மேலே, கீழே மாதிரி நேர் எதிராகப் போகும் இன்னொரு இரட்டையர் பி-யில் இருக்கிறார்கள். 'ப்ரிஸ்க்ரைப்', 'ப்ரோஸ்க்ரைப்'. இரண்டுக்கும் தாய் எழுதுதல். முன்கூட்டியே எழுதுவது முதலாவது. மருத்துவர் மருந்து எழுதுவதும் பாடநூல் விதிப்பதும் அது. எல்லோரும் பார்க்க எழுதி வைப்பது இரண்டாவது. கேட்டால் சாதுவாக இருக்கிறது. கி.மு. 82-இல் ரோமில் சுல்லா ஆட்சியைப் பிடித்ததும் தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் வைத்தான். பட்டியலில் உள்ளவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சொத்து பறிமுதல். அன்று முதல் அந்தச் சொல்லில் ரத்தக் கறை. இன்று தடை செய்வது என்ற பொருளில் வழங்குகிறது.

நம் பாரதியார் இந்த இரண்டு சொற்களிலும் இருந்தவர். 1928-இல், அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் கழித்து, முதலில் பர்மா அரசாங்கமும் பின்னர் சென்னை அரசாங்கமும் அவருடைய தேசியப் பாடல் நூல்களைத் தடைசெய்து பறிமுதல் செய்தன. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதை எதிர்த்துப் போராடினார். அன்று ப்ரோஸ்க்ரைப். நாம் பள்ளிக்குப் போன காலத்தில் அதே பாடல்கள் பாடநூலில் ப்ரிஸ்க்ரைப். அலுவலகத்தில் 32 ஆண்டுகள் வரைவுக் கடிதம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டு சொற்களில் ஒன்றுக்கு மற்றொன்று தட்டச்சாகி வந்த கடிதத்தைக் கையெழுத்துக்கு முன் இருமுறை பிடித்திருக்கிறேன். எழுத்துப்பிழைதானே என்று அலட்சியமாக இருக்கக்கூடிய பிழை இல்லை அது.

பள்ளிகளில் 'குழப்பம் தரும் இணைச் சொற்கள்' என்று ஒரு பயிற்சி உண்டு. ரென் அண்ட் மார்ட்டின் காலத்திலிருந்து இருக்கிறது. 'ஸ்டேஷனரி' என்பதில் ஏ வந்தால் அசையாதது, ஈ வந்தால் எழுதுபொருள். 'ப்ரின்சிபல்' ஒரு விதமாக எழுதினால் தலைமையானவர் அல்லது அசல் தொகை, இன்னொரு விதமாக எழுதினால் கொள்கை. இவற்றை ஜென்மப் பகையாளிகள் மாதிரி பிரித்து நிறுத்தித்தான் கற்றுக்கொடுக்கிறோம். உண்மையில் இரண்டு ஸ்டேஷனரியும் ஒன்றுதான். பழைய ஐரோப்பாவில் தலைச்சுமை வியாபாரி ஊர் ஊராக அலைவான். புத்தகமும் தாளும் விற்றவர் பெரும்பாலும் ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார். அசையாத கடைக்காரர் விற்ற சரக்கு, எழுதுபொருள். ப்ரின்சிபல் இரண்டும் 'முதல்' என்ற ஒரே சொல்லில் கிளைத்தவை. அசலுக்கு நாமும் 'முதல்' என்றுதானே சொல்கிறோம்? உறவைச் சொல்லிக் கொடுத்துவிட்டு எழுத்து வித்தியாசத்தைச் சொன்னால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும். வித்தியாசத்தை மட்டும் சொன்னால் எது எதுவென்று கடைசிவரை ஊசலாட்டம்தான்.

கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, உச்சரித்துக் காட்டுகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது கேட்ட ஆளை மட்டும் கூட்டி வரும் அலுவலக உதவியாளர். சில சமயம் தவறான ஆளையும் கூட்டி வரும். தெருவுக்கு நாமே போனால்தான் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியும். என் யோசனை சிறியது. வீட்டில் பரணில் கிடக்கும் லிப்கோ அகராதியைத் தூசி தட்டிக் கூடத்து மேஜைக்குக் கொண்டு வாருங்கள். கிளை நூலகங்களிலும் அகராதியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டாமல் மேஜைமேல் போடட்டும். கிழியும்தான். கிழியட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் சனிக்கிழமை காலையில் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். வாரம் ஒரே ஒரு பக்கம். போன வாரம் எஸ்-ஏ-எல். 'சாலட்', 'சாலரி', 'சலைன்', 'சால்ட்' நான்கும் உப்பிட்ட சொந்தம் என்று கண்டுபிடித்தோம். நம் சம்பளத்தையும் சம்பா நெல், உப்பளம் என்று பிரித்துச் சொல்வார்கள் என்று சொல்லி வைத்தேன். நடுவில் 'சலூன்' வந்தது. அது பெரிய கூடம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்த சொல், உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கேட்கவே இல்லை. முந்தைய வரியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"தாத்தா, அப்போ எங்க ஹோட்டல்ல பழ சாலட்ல உப்பே போட மாட்டேங்கறாங்களே, அதை எப்படி சாலட்னு சொல்றாங்க?"